வேதிவினைகளில் ஆற்றல் மாற்றம்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெப்ப உமிழ் வினையில் வெப்பநிலை ஏறுகிறது. பிறகு டெல்டா ஹெச் (என்தால்பி மாற்றம், அதாவது வினையில் பொருள்கள் பெறும் அல்லது இழக்கும் வெப்பம்) ஏன் எதிர்க்குறி பெறுகிறது?

ஏறுவது எதனுடைய வெப்பநிலை என்று முதலில் பாருங்கள். தெர்மாமீட்டர் அளப்பது கரைசலில் உள்ள நீரை. அந்த நீர் வினையில் பங்கேற்கவில்லை. அது சூழல். வினைபடு பொருள்களும் விளைபொருள்களும் மட்டுமே அமைப்பு. அமைப்பு ஆற்றலை இழக்கிறது, சூழல் அதைப் பெறுகிறது. டெல்டா ஹெச் என்பது அமைப்பின் கணக்கு என்பதால், இழப்புக்கு எதிர்க்குறி வருகிறது.

வெப்பக் கொள் வினையில் இது தலைகீழ். அமைப்பு ஆற்றலை வாங்கிக்கொள்கிறது, அதை நீரிலிருந்தும் குவளையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது, தெர்மாமீட்டர் இறங்குகிறது, டெல்டா ஹெச் நேர்க்குறி. "ஏறினால் கழித்தல், இறங்கினால் கூட்டல்" என்று மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு அறையில் குழம்புவதற்குக் காரணம், குறி எந்தப் பக்கத்தைச் சொல்கிறது என்பதை விட்டுவிடுவதுதான்.

பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது என்று படித்தேன். சரியா?

தவறு. இந்தப் பாடத்தில் இதைவிடப் பரவலான தவறு வேறு இல்லை. பிணைப்பை உடைக்க எப்போதுமே ஆற்றல் செலவாகும். பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். இதற்கு விதிவிலக்கு தேட வேண்டாம்.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து நிற்பது, அப்படி நிற்கும்போது அவற்றின் ஆற்றல் குறைவாக இருப்பதால்தான். அவற்றைப் பிரிக்க மோலுக்கு (மோல் என்பது வேதியியலில் துகள்களை எண்ணும் அலகு) 436 கிலோஜூல் கொடுக்க வேண்டும். அவை மீண்டும் சேர்ந்தால் அதே 436 கிலோஜூல் திரும்பக் கிடைக்கும்.

"எரிபொருளின் பிணைப்புகளில் ஆற்றல் அடைபட்டிருக்கிறது" என்ற வாக்கியம்தான் இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. மீத்தேனின் பிணைப்புகளை உடைக்கவும் ஆற்றல் வேண்டும். ஆக்சிஜனின் பிணைப்பை உடைக்கவும் வேண்டும். அதன் பிறகு உருவாகும் கார்பன் டைஆக்சைடு, நீர் ஆகியவற்றின் பிணைப்புகள் இன்னும் வலிமையானவை. செலவழித்ததைவிட அதிகம் கிடைப்பது அங்கேதான். உயிரியல் வகுப்பில் வரும், செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுக்கும் இதே விளக்கம் பொருந்தும். பாஸ்பேட் பிணைப்பு உடைவது ஆற்றல் தருவதில்லை. நீருடன் வினைபுரிந்து உண்டாகும் பொருள்கள் மேலும் நிலையானவை என்பதால்தான் மொத்தக் கணக்கில் ஆற்றல் கிடைக்கிறது.

பிணைப்பு ஆற்றல்களை வைத்து டெல்டா ஹெச் கண்டுபிடிப்பது எப்படி?

உடைபடும் பிணைப்புகளின் மொத்தத்திலிருந்து உருவாகும் பிணைப்புகளின் மொத்தத்தைக் கழியுங்கள். வரிசையை மாற்றினால் குறி தவறிவிடும்.

சிறிய எடுத்துக்காட்டு: ஒரு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் குளோரினும் சேர்ந்து இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு தருகின்றன. உடைப்பதற்கு 436 (ஹைட்ரஜன்) + 242 (குளோரின்) = 678. உருவாவதில் கிடைப்பது 2 × 431 = 862. டெல்டா ஹெச் = 678 − 862 = −184 கிலோஜூல். இது இரண்டு மோல் விளைபொருளுக்கான மதிப்பு. "ஒரு மோல் ஹைட்ரஜன் குளோரைடு உருவாகும்போது" என்று வினா கேட்டால் விடை −92. வினாவை இரண்டாம் முறை படிக்காதவர்கள் மதிப்பெண்ணை இழப்பது இந்த இடத்தில்.

இப்போது மீத்தேன் எரிதல். சமன்பாட்டைச் சமன் செய்த பிறகு ஒவ்வொரு மூலக்கூறின் கட்டமைப்பையும் வரைந்து பிணைப்புகளை எண்ணுங்கள். மனக்கணக்காக எண்ணினால் ஏதாவது விடுபடும். நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் (4 × 413), இரண்டு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகள் (2 × 498) உடைகின்றன: 2648. கார்பன் டைஆக்சைடில் இரண்டு கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகள் (2 × 799), இரண்டு நீர் மூலக்கூறுகளில் நான்கு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் (4 × 463) உருவாகின்றன: 3450. விடை −802 கிலோஜூல்.

ஆனால் புத்தகத்தில் மீத்தேனின் எரிதல் வெப்பம் −890 என்று இருக்கிறதே?

இரண்டும் சரி. பிணைப்பு ஆற்றல் கணக்கில் எல்லாப் பொருள்களும் வாயு நிலையில் இருப்பதாகக் கொள்கிறோம். அதனால் நீர் ஆவியாக வெளிவருகிறது. எரிதல் வெப்பத்தின் வரையறையிலோ நீர் 25 டிகிரி செல்சியஸில் திரவமாக இருக்கிறது. ஒரு மோல் நீராவி திரவமாகும்போது 44 கிலோஜூல் வெளிவரும். இரண்டு மோலுக்கு 88. 802-உடன் 88-ஐக் கூட்டினால் 890. பொருளின் நிலையைச் சமன்பாட்டில் குறிப்பிட வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இந்தக் கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. பிணைப்பு ஆற்றல் அட்டவணைகளில் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக்கு 745 என்றும் ஒரு மதிப்பு இருக்கும். அது கீட்டோன் போன்ற சேர்மங்களுக்கானது. அதைக் கார்பன் டைஆக்சைடுக்கு எடுத்துக்கொண்டால் விடை −694 என்று வரும், அதாவது 100 கிலோஜூலுக்கும் மேல் பிசகும். அட்டவணையில் உள்ள பெரும்பாலான எண்கள் பல சேர்மங்களிலிருந்து எடுத்த சராசரிகள். ஆகவே மற்ற வினைகளில் உங்கள் விடை சோதனை மதிப்பிலிருந்து சில கிலோஜூல் விலகினால் பதறத் தேவையில்லை.

வெப்பத்தை வெளிவிடும் வினைதானே, பிறகு அதைத் தொடங்கி வைக்க எதற்குத் தீப்பொறி?

புதிய பிணைப்புகள் உருவாவதற்கு முன்பே பழையவை தளரத் தொடங்க வேண்டும். அதற்கான முன்செலவுதான் கிளர்வு ஆற்றல். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த கலவை அறை வெப்பநிலையில் அப்படியே கிடக்கும். மோதும் மூலக்கூறுகளில் போதிய ஆற்றல் உள்ளவை மிகமிகக் குறைவு. ஒரு சிறு பொறி, ஒரு சிறு பகுதிக்கு அந்த ஆற்றலைக் கொடுக்கிறது. அங்கே வெளிவரும் வெப்பம் அடுத்த பகுதியைத் தூண்டுகிறது. அப்புறம் வினை தானே ஓடி வெடித்துவிடும்.

வைரம் கிராஃபைட்டாக மாறினால் மோலுக்கு ஏறத்தாழ 1.9 கிலோஜூல் வெளிவரும். ஆற்றல் கணக்குப்படி அது மாறியே ஆக வேண்டும். கிளர்வு ஆற்றல் மிக உயரமாக இருப்பதால் அறை வெப்பநிலையில் அது மாறுவதே இல்லை. டெல்டா ஹெச் எவ்வளவு என்பதிலிருந்து வினையின் வேகத்தைச் சொல்ல முடியாது. ஆற்றல் வரைபடத்தில் இவை இரண்டும் தனித்தனி அம்புக்குறிகள்: வினைபடு பொருளிலிருந்து உச்சி வரை கிளர்வு ஆற்றல், வினைபடு பொருளிலிருந்து விளைபொருள் வரை டெல்டா ஹெச். விளைபொருளிலிருந்து உச்சிக்கு அம்பு போட்டால் அது பின்னோக்கு வினையின் கிளர்வு ஆற்றல் ஆகிவிடும்.

வினையூக்கி சேர்த்தால் டெல்டா ஹெச் மாறுமா?

மாறாது. தொடக்கமும் முடிவும் அதே பொருள்கள். வழி மட்டும் வேறு, உச்சி மட்டும் தாழ்வு. ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைவின் கிளர்வு ஆற்றல் வினையூக்கி இல்லாதபோது மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல். அயோடைடு அயனி இருந்தால் சுமார் 56. வினையூக்கி சேர்த்த குவளை அதிகம் சூடாவதற்குக் காரணம், அதே வெப்பம் குறுகிய நேரத்தில் வெளிவந்து, வெளியே கசிய அவகாசம் இல்லாமல் போவதுதான்.

அமிலமும் காரமும் சேரும்போது வெளிவரும் நடுநிலையாக்கல் வெப்பத்தை ஆய்வகத்தில் எப்படி அளப்பது?

தேவையானவை: மூடியுள்ள தெர்மோகோல் குவளை, அது சாயாமல் நிற்க ஒரு பீக்கர், 0.1 அல்லது 0.2 டிகிரி பிரிவுகள் கொண்ட தெர்மாமீட்டர், 50 மில்லி லிட்டர் அளக்கும் பிப்பெட் அல்லது அளவு ஜாடி, 1.0 மோலார் (லிட்டருக்கு 1.0 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. காரத்தைச் சற்று அதிகச் செறிவில் எடுப்பது, அமிலம் முழுவதும் தீர்ந்துவிட வேண்டும் என்பதற்காக. மோல் எண்ணிக்கையை அமிலத்திலிருந்து கணக்கிடலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடங்காதீர்கள். இந்தச் செறிவிலுள்ள காரம் கண்ணில் பட்டால் பெரும் சேதம் விளையும்.

50 மில்லி அமிலத்தைக் குவளையில் ஊற்றி வெப்பநிலையைக் குறியுங்கள். தெர்மாமீட்டரைக் கழுவித் துடைத்த பிறகே காரத்தில் வையுங்கள். கழுவாமல் வைத்தால் வினை அங்கேயே தொடங்கிவிடும். 50 மில்லி காரத்தின் வெப்பநிலையையும் குறியுங்கள். இரண்டும் வேறுபட்டால் சராசரியே தொடக்க வெப்பநிலை. அமிலம் 27.0, காரம் 27.4 என்றால் 27.2. பிறகு காரத்தை ஒரே வீச்சில் ஊற்றி, மூடி, கலக்கிக்கொண்டே பத்து வினாடிக்கு ஒரு முறை அளவு எடுங்கள். உச்ச மதிப்பு 34.0 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 6.8.

வெப்பம் = நிறை × தன் வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) × வெப்பநிலை மாற்றம் = 100 × 4.18 × 6.8 = 2842 ஜூல். அமிலத்தின் மோல் எண்ணிக்கை 0.050. வகுத்தால் 56.8 கிலோஜூல், குறியுடன் −56.8. ஏற்கப்பட்ட மதிப்பு சுமார் −57.

பிசகு பெரும்பாலும் மூன்று இடங்களில் வருகிறது. ஒன்று, நிறைக்கு 50 கிராம் போடுவது. சூடானது இரண்டு கரைசலும், ஆக 100 கிராம். இரண்டு, அப்போதுதான் கரைத்த சோடியம் ஹைட்ராக்சைடைப் பயன்படுத்துவது. திண்மத்தைக் கரைக்கும்போதே மோலுக்குச் சுமார் 44 கிலோஜூல் வெளிவருவதால் அந்தக் கரைசல் சூடாக இருக்கும். அறை வெப்பநிலைக்கு வரும் வரை காத்திருங்கள். மூன்று, ஒரு டிகிரி பிரிவுள்ள தெர்மாமீட்டர். ஒவ்வோர் அளவிலும் அரை டிகிரி ஐயம் என்றால் வித்தியாசத்தில் ஒரு டிகிரி ஐயம். 6.8-இல் ஒரு டிகிரி ஏறத்தாழ 15 சதவீதம். வேறு எதைச் சரிசெய்தாலும் இந்த ஒன்று விடையைக் கெடுத்துவிடும்.

இரண்டு கரைசலையும் 100 மில்லியாக எடுத்தால் வெப்பநிலை இரண்டு மடங்கு ஏறுமா?

ஏறாது, அதே 6.8 டிகிரிதான். வெளிவரும் வெப்பம் இரட்டிப்பாகிறது. ஆனால் அந்த வெப்பம் சூடாக்க வேண்டிய நிறையும் இரட்டிப்பாகிறது. செறிவை 2 மோலாராக்கினால் கதை வேறு. அதே நிறைக்கு இரு மடங்கு மோல்கள், ஏற்றம் 13.7 டிகிரிக்கு அருகில் வரும். வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்பது மனத்தில் பதிய இந்த ஒரு கேள்வியே போதும்.

வலிமை குறைந்த அமிலத்தில் மதிப்பு ஏன் குறைகிறது?

வலிமைமிகு அமிலமும் வலிமைமிகு காரமும் சேரும்போது உண்மையில் நடப்பது ஒரே வினை: ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராவது. அதனால்தான் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் நைட்ரிக் அமிலத்துக்கும் ஒரே மதிப்பு. அசிட்டிக் அமிலம் பெரும்பாலும் அயனியாகாமல் இருப்பதால், அயனியாக்கவும் ஆற்றல் வேண்டியிருக்கிறது. மதிப்பு 55–56 ஆகச் சற்றுக் குறைகிறது. ஹைட்ரஜன் சயனைடில் இந்தச் செலவு மிகப் பெரிது, மிஞ்சுவது சுமார் 12 கிலோஜூல்தான். ஆனால் "வலிமை குறைந்த அமிலம் என்றாலே குறைவு" என்று எழுதிவிட வேண்டாம். ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் வலிமை குறைந்ததுதான், அதன் மதிப்பு ஏறத்தாழ 68. ஃபுளூரைடு அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்வதில் பெருமளவு ஆற்றல் வெளிவருவது இதற்கு முக்கியக் காரணம்.

துத்தநாகத் தூள், காப்பர் சல்பேட் சோதனையில் எதற்கு வரைபடம்? உச்ச வெப்பநிலையை எடுத்தால் போதாதா?

நடுநிலையாக்கல் நொடியில் முடிந்துவிடும். இது முடிய ஓரிரு நிமிடம் ஆகும். வினை நடந்துகொண்டிருக்கும்போதே குவளை வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். ஆகவே நீங்கள் காணும் உச்சம், இருந்திருக்க வேண்டிய உச்சத்தைவிடத் தாழ்ந்தது.

25 மில்லி 0.2 மோலார் கரைசலைக் குவளையில் எடுத்து, நிமிடத்துக்கு ஒரு முறை அளவு எடுங்கள். மூன்றாவது நிமிடத்தில் அளவு எடுக்காமல் அரை கிராம் துத்தநாகத் தூளைச் சேர்த்துக் கலக்குங்கள். (தேவை 0.005 மோல், அதாவது 0.33 கிராம். அரை கிராம் தாராளம்.) நான்காம் நிமிடம் முதல் பத்தாம் நிமிடம் வரை அளவு எடுங்கள். வரைபடத்தில் இறங்கும் நேர்க்கோட்டை அளவுகோல் வைத்துப் பின்னோக்கி மூன்றாம் நிமிடம் வரை நீட்டுங்கள். கோடு அங்கே தொடும் வெப்பநிலைதான் திருத்தப்பட்ட உச்சம்.

மாதிரிக் கணக்கு: தொடக்கம் 27.0, கண்ட உச்சம் 36.2, நீட்டிய கோடு தருவது 37.1. திருத்தாமல் கணக்கிட்டால் −192 கிலோஜூல், திருத்தினால் −211. ஏற்கப்பட்ட மதிப்பு சுமார் −217. நிறைக்கு 25 கிராம் மட்டுமே போடுகிறோம். உலோகத்தின் தன் வெப்ப ஏற்புத்திறன் மிகச் சிறியது, நிறையும் சிறியது. துத்தநாகம் துண்டாக இருந்தால் இந்தச் சோதனையே பயன்படாது. வினை மெதுவாகி, வெப்பம் முழுவதும் கசிந்துவிடும்.

ஸ்பிரிட் விளக்குச் சோதனையில் என் விடை புத்தக மதிப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் வந்தது. என்ன தவறு செய்தேன்?

அநேகமாக நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. சோதனை அமைப்பே அப்படி. 0.70 கிராம் எத்தனால் எரிந்து 100 கிராம் நீரை 30 டிகிரி சூடாக்கியது என்றால், நீர் பெற்றது 12.54 கிலோஜூல். மோல் 0.0152. விடை சுமார் −824. உண்மையான மதிப்பு −1367. அறுபது சதவீதம்.

மீதி எங்கே போயிற்று? பெரும்பகுதி காற்றைச் சூடாக்கியது. ஒரு பகுதி பாத்திரத்துக்கு: 100 கிராம் செம்புப் பாத்திரம் 30 டிகிரி ஏற 1.16 கிலோஜூல் வேண்டும். அதைச் சேர்த்தால் விடை −900 ஆகிறது. பாத்திரத்தின் அடியில் கரி படிந்திருந்தால் எரிதல் முழுமையாகவில்லை. கார்பனும் கார்பன் மோனாக்சைடும் தம்மிடமுள்ள ஆற்றலை வெளிவிடாமல் போய்விட்டன. அணைத்த பிறகு விளக்கை மூடாமல் எடைபோட்டால் திரியிலிருந்து ஆல்கஹால் ஆவியாகி, எரிந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். சுடரைச் சுற்றித் தகட்டுத் தடுப்பு வைப்பது, பாத்திரத்தை நெருக்கி வைப்பது, ஏற்றத்தை 20–30 டிகிரியோடு நிறுத்துவது ஆகிய மூன்றும் விடையை உயர்த்தும்.

பல ஆல்கஹால்களை ஒப்பிடும்போது இந்தச் சோதனை நன்றாகவே பயன்படும். மெத்தனால் −726, எத்தனால் −1367, புரோப்பன்-1-ஆல் −2021, பியூட்டன்-1-ஆல் −2676. ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் கூடும்போதெல்லாம் சுமார் 650 கூடுகிறது. உங்கள் மதிப்புகள் எல்லாமே தாழ்வாக இருந்தாலும் அந்த ஏறுவரிசை தெரியும்.

அம்மோனியம் குளோரைடு கரைந்தால் ஏன் குளிர்கிறது?

படிக அணிக்கோவையை, அதாவது படிகத்தில் அயனிகள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பைப் பிரிக்க ஆற்றல் செலவாகிறது. பிரிந்த அயனிகளை நீர் சூழும்போது ஆற்றல் கிடைக்கிறது. எது பெரிது என்பதே விடை. அம்மோனியம் குளோரைடில் செலவு மோலுக்குச் சுமார் 15 கிலோஜூல் அதிகம். 100 மில்லி நீரில் 10 கிராம் கரைத்தால் ஏறத்தாழ 6 டிகிரி இறங்கும். சோடியம் குளோரைடில் வேறுபாடு வெறும் 4 கிலோஜூல் என்பதால் கையில் தெரியாது. நீரற்ற கால்சியம் குளோரைடில் நிலைமை தலைகீழ், மோலுக்குச் சுமார் 81 கிலோஜூல் வெளிவரும்.

வெப்பக் கொள் வினை சூடாக்காமலே நடக்குமா?

நடக்கும். 25 மில்லி 1 மோலார் சிட்ரிக் அமிலக் கரைசலில் 6 கிராம் சோடியம் பைகார்பனேட்டைப் போட்டுப் பாருங்கள். நுரைக்கும், குளிரும். 250 மில்லி பீக்கரை எடுங்கள், சிறியதில் பொங்கி வழிந்துவிடும்.

ஆற்றல் குறைவது மட்டுமே வினையை இயக்குவதில்லை. ஆற்றலும் துகள்களும் எவ்வளவு பரவலாகச் சிதறுகின்றன என்பதும் (என்ட்ரோபி) சேர்ந்தே முடிவு செய்கிறது. இங்கே வாயு வெளிவருவதால் என்ட்ரோபி பெரிதும் கூடுகிறது. நீரேறிய பேரியம் ஹைட்ராக்சைடும் அம்மோனியம் குளோரைடும் திண்மங்களாகவே கலந்து, அடியிலுள்ள ஈரப் பலகையோடு பீக்கர் உறைந்து ஒட்டும் அளவுக்குக் குளிரும். பேரியம் சேர்மங்கள் நஞ்சு, வெளிவரும் அம்மோனியா மூச்சைத் திணறடிக்கும். ஆகையால் அது ஆசிரியர் மட்டும் செய்துகாட்ட வேண்டியது. சுண்ணாம்புக்கல் சிதைவுக்கு என்ட்ரோபி தரும் இந்தச் சலுகை அறை வெப்பநிலையில் போதாது. மோலுக்கு 178 கிலோஜூல் தேவைப்படும் அந்த வினை சுமார் 840 டிகிரியைத் தாண்டிய பிறகே இயல்பான அழுத்தத்தில் முழுமையாக முன்னேறுகிறது.

நேரடியாக அளக்க முடியாத வினைக்கு என்ன வழி?

1840-இல் ஜெர்மைன் ஹெஸ் வெளியிட்ட விதி: தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால், எந்த வழியில் சென்றாலும் மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றே.

கார்பனை எரித்துக் கார்பன் மோனாக்சைடை மட்டும் பெற முடியாது, கொஞ்சம் டைஆக்சைடும் வந்துவிடும். ஆனால் கார்பன் முழுதாக எரிவதை (−393.5) அளக்கலாம், மோனாக்சைடு எரிவதையும் (−283.0) அளக்கலாம். இரண்டாவதைத் திருப்பி எழுதினால் +283.0. கூட்டினால் −110.5 கிலோஜூல். சமன்பாட்டைத் திருப்பும்போது குறியைத் திருப்புங்கள். இரண்டால் பெருக்கும்போது மதிப்பையும் இரண்டால் பெருக்குங்கள்.

ஆய்வகத்தில் செய்யக்கூடியது, நீரற்ற வெள்ளைக் காப்பர் சல்பேட் நீரை ஏற்று நீல உப்பாகும்போது வெளிவரும் வெப்பத்தைக் கண்டுபிடிப்பது. வெள்ளைத் தூளோடு ஐந்து மோல் நீரைச் சரியாகச் சேர்த்து, திண்மத்தில் தெர்மாமீட்டரைச் செருகி அளப்பது நடக்காத காரியம். நீர் சமமாகப் பரவாது. அதற்குப் பதிலாக இரண்டு உப்புகளையும் தனித்தனியே மிகுதியான நீரில் கரைக்கிறோம். நீரற்ற உப்பு −66.5, நீல உப்பு +11.7. நீரேற்ற வெப்பம் = −66.5 − 11.7 = −78.2. வெள்ளைத் தூள் ஏற்கனவே காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீலம் பாரித்திருந்தால் முதல் மதிப்பு குறைந்துவிடும். கரைப்பதற்குச் சற்று முன்பு சூடாக்கி வெள்ளையாக்கி, மூடிய கலத்தில் ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

தேர்வில் கணக்கு சரியாக இருந்தும் மதிப்பெண் எங்கே போகிறது?

ஜூலில் வந்த விடையைக் கிலோஜூலாக மாற்றாமல் விடுவதில். மிகுதியாக எடுத்த பொருளின் மோலால் வகுப்பதில். வெப்பநிலை மாற்றத்துடன் 273-ஐக் கூட்டுவதில். (6.8 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் என்பது 6.8 கெல்வின் வித்தியாசமே.) குறியை எழுத மறப்பதில். "வெளிவிடும் வெப்பம் எவ்வளவு" என்ற வினாவுக்கு 57 கிலோஜூல் என்று எழுதலாம். "என்தால்பி மாற்றம் எவ்வளவு" என்றால் −57 கிலோஜூல் என்று எழுத வேண்டும், எந்தப் பொருளின் ஒரு மோலுக்கு என்பதையும் சேர்த்து.